அன்எம்ப்ளாய்மென்ட் கிளைம் போட ஜாப் சென்டர்ல கிடைச்ச உதவி: என்னோட முழு ரிவ்யூ (கலிஃபோர்னியா)

அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ நிறைய எழுதப்போறேன், வேலை போன டென்ஷன்ல இருக்கறவங்க எல்லாத்தையும் படிக்க முடியாது. கலிஃபோர்னியால வேலை போயி, இடிடி (வேலை போனவங்களுக்குப் பணம் குடுக்கற ஸ்டேட் ஆபீஸ்) சைட்ல கிளைம் போட உக்காந்து, ஒரு கேள்வியிலயாவது கை நின்னுச்சுன்னா யாருக்கும் காசு குடுக்காதீங்க. பக்கத்துல இருக்கற அமெரிக்காஸ் ஜாப் சென்டர் ஆஃப் கலிஃபோர்னியாவுக்குப் போங்க, ஏஜேசிசின்னு சுருக்கமா சொல்வாங்க. கம்ப்யூட்டர், ஸ்கேனர், போன், கூட உக்காந்து சொல்லிக் குடுக்க ஆள், எல்லாமே இலவசம். நான் போனது பே ஏரியால ஒரு சென்டர், எதுன்னு பேர் போடல, ஏன்னா என்கூட உக்காந்தவங்களை யாரும் அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

என் கதை இதுதான். ஒரு ஸ்டாஃபிங் ஏஜென்சி மூலமா ரெக்கார்ட்ஸ் செக்ஷன்ல வேலை, வாரம் 30 மணி நேரம், மணிக்கு 24 டாலர். 2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏஜென்சில இருந்து போன், பிராஜெக்ட் முடிஞ்சிருச்சு, திங்கட்கிழமையில இருந்து வரவேண்டாம்னு. அவ்ளோதான். பேட்ஜை கூரியர்ல அனுப்பச் சொன்னாங்க.

அதுக்கப்புறம் மூணு வாரம் நான் கிளைம் போடவே இல்ல. காரணம் வெக்கம்தான், வேற ஒண்ணும் இல்ல. எங்க வீட்ல யாரும் கவர்மென்ட் காசு வாங்கினதில்ல, மாமனார் ஊர்ல இருந்து போன் பண்ணா என்ன சொல்றது, நாளைக்கு கிரீன் கார்டுல இருந்து சிட்டிசன்ஷிப் போடறப்போ இது பிரச்சினை ஆகுமோன்னு ஆயிரம் யோசனை. என் வீட்டுக்காரர் போடச் சொல்லிக்கிட்டேதான் இருந்தார், "நீ வேலை பாத்ததுக்குத்தானே வருது"ன்னு, எனக்குத்தான் மனசு ஒப்பல. ரெண்டு வீடு தள்ளி இருக்கற அக்கா, அவங்களுக்கு 2020ல வேலை போயி கிளைம் வாங்கினவங்க, ஒரு நாள் காபி குடிக்க வந்தப்போ விஷயம் தெரிஞ்சு திட்டவே திட்டிட்டாங்க. "இது பிச்சை இல்லடி, இன்சூரன்ஸ். உன் கம்பெனி உனக்காகக் கட்டின காசு. பேர்லயே இன்சூரன்ஸ்னு இருக்குல்ல"ன்னு.

அவங்க சொன்னது சரிதான். அன்எம்ப்ளாய்மென்ட் இன்சூரன்ஸ் 1935ல வந்த சோஷியல் செக்யூரிட்டி சட்டத்துல இருந்து நடக்கற ஏற்பாடு, ஃபெடரல் கவர்மென்ட்டும் ஸ்டேட்டும் சேந்து நடத்துது. கலிஃபோர்னியால ஒவ்வொரு ஆளோட சம்பளத்துலயும் வருஷத்துக்கு முதல் 7,000 டாலருக்கு கம்பெனிதான் இதுக்கான வரியைக் கட்டுது. பேஸ்டப்ல (சம்பள ரசீது) நம்ம கிட்ட பிடிக்கறது எஸ்டிஐ, உடம்பு முடியாம போனா வர்ற இன்சூரன்ஸ், அது வேற. அதே மாதிரி சிட்டிசன்ஷிப், கிரீன் கார்டு பயத்துக்கும் சொல்றேன், நாம வேலை பாத்து சம்பாதிச்ச அன்எம்ப்ளாய்மென்ட் பெனிஃபிட்டை பப்ளிக் சார்ஜ் கணக்குல, அதாவது கவர்மென்ட் உதவியை நம்பி வாழறவங்கன்னு பாக்கற கணக்குல, சேக்க மாட்டாங்க. இது தெரியாம நம்ம ஆளுங்க எத்தனை பேர் அப்படியே விட்டுட்டு இருக்காங்கன்னு நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

சரி போடலாம்னு முடிவு பண்ணதும் நான் செஞ்ச முதல் காரியம் தப்பு. வாட்ஸாப் குரூப்ல ஒருத்தர், கிளைம் போட்டுத் தரேன் 150 டாலர்னு மெசேஜ் போட்டிருந்தார். அண்ணா அண்ணான்னு பேசினேன், அவரும் மரியாதையாத்தான் பேசினார். அப்புறம் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கேட்டார், லைசென்ஸ் போட்டோ ரெண்டு பக்கமும் கேட்டார், அதுவரைக்கும் கூட அனுப்பற நிலைமைல இருந்தேன். கடைசியா, "உங்க போனுக்கு ஐடி.மீ (நாம யாருன்னு சரிபாக்கற சைட்) கோட் ஒண்ணு வரும், அதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணுங்க, உங்க பேர்ல அக்கவுன்ட் நானே ஓப்பன் பண்ணிக்கறேன்"னார். அப்போதான் கை நடுங்கிச்சு. பாஸ்வேர்டு அவர்கிட்ட, பணம் எந்த பேங்க்குக்குப் போகணும்னு மாத்தற வசதியும் அவர்கிட்ட. வேலைய விட்டு நின்ன காரணத்தை "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போடுவேன்"னும் சொன்னார். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த ஃபார்ம்ல இருக்கற ஒவ்வொரு பதிலுக்கும் பொய் சாட்சி சட்டப்படி நான்தான் பொறுப்பு, அவர் இல்ல. இடிடி கிளைம் போட ஒரு பைசா கூட வாங்கறதில்ல, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் அந்த அக்காதான் ஜாப் சென்டரைச் சொன்னாங்க. மார்ச் 18, செவ்வாய்க்கிழமை காலைல போனேன்.

உள்ள போனா ஒரு சின்ன லைப்ரரி மாதிரி இருந்துச்சு, வரிசையா கம்ப்யூட்டர், சுவர்ல வேலை அறிவிப்பு, ஓரமா குழந்தைங்க உக்கார ரெண்டு குட்டி நாற்காலி. பேர் எழுதிட்டு நாப்பது நிமிஷம் காத்திருந்தேன். என்னைக் கூப்பிட்டவங்களுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், கண்ணாடி, கழுத்துல பேட்ஜ். உக்காந்ததும் அவங்க சொன்ன முதல் விஷயம்: "உங்க பதில்களை நான் டைப் பண்ண மாட்டேன், சப்மிட்டும் அழுத்த மாட்டேன். கேள்வி என்ன கேக்குதுன்னு உங்களுக்குப் புரியற வரைக்கும் எத்தனை தடவை வேணாலும் சொல்றேன்." எனக்கு முதல்ல ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, போட்டுக் குடுத்துட்டா முடிஞ்சுதேன்னு. இப்போ யோசிச்சா எனக்குக் கிடைச்சதுலயே பெரிய உதவி அதுதான், ஏன்னா கிளைம் ஒரு தடவை போட்டா முடியற விஷயம் இல்ல, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சர்டிஃபை பண்ணணும், அதாவது அந்த வாரங்கள்ல வேலை பாத்தோமா, வேலைக்கு ரெடியா இருந்தோமான்னு கேள்விகளுக்கு பதில் சொல்லணும், அப்போ ஒவ்வொரு தடவையும் கூட யாரு உக்காருவா?

நம்ம ஆளுங்களுக்கு முதல் கேள்வியிலயே சிக்கல், பேர்! என் பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி கார்டுல அப்பா பேர் லாஸ்ட் நேம், லைசென்ஸ்ல வீட்டுக்காரர் பேர் லாஸ்ட் நேம், ஏஜென்சி பேஸ்டப்ல இனிஷியல் மட்டும். நான் லைசென்ஸ்ல இருக்கறதைப் போடப் போனேன். அவங்க நிறுத்தி, சோஷியல் செக்யூரிட்டி கார்டை எடுங்க, அதுல எப்படி இருக்கோ ஒரு எழுத்து மாறாம அப்படியே போடுங்க, மத்த பேரெல்லாம் வேலை பாத்த வேற பேர் இருக்கான்னு கேக்கற இடத்துல போடுங்கன்னாங்க. பேர் பொருந்தலைன்னா சம்பள ரெக்கார்டும் நம்ம ஐடியும் ஒண்ணு சேராம வெரிஃபிகேஷன்ல மாட்டிக்கும். மேரேஜ் சர்டிஃபிகேட்டையும் ஸ்கேன் பண்ணி போன்ல வச்சுக்கச் சொன்னாங்க. தமிழ் பேர் உள்ள யாரா இருந்தாலும் வீட்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா கார்டையும் வரிசையா மேசை மேல வச்சு ஒரு தடவை பாத்துட்டுப் போங்க.

அடுத்து கடைசி எம்ப்ளாயர். நான் தினமும் போய் உக்காந்தது கிளையன்ட் ஆபீஸ்ல, மேனேஜர் கிளையன்ட் ஆளு, அதனால அந்தக் கம்பெனி பேரைத்தான் போடப் போனேன். பேஸ்டப்லயும் டபிள்யூ-2லயும் (வருஷ சம்பளக் கணக்குத் தாள்) யார் பேர் இருக்கோ அவங்கதான் எம்ப்ளாயர்னாங்க, அதாவது ஏஜென்சி. அட்ரஸும் அதுல இருக்கறதுதான். ஏன்னா இடிடி அந்த எம்ப்ளாயருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பும், இவங்க சொல்றது சரியான்னு, தப்பான கம்பெனிக்குப் போனா அவங்க இந்தப் பேர்ல யாரும் எங்ககிட்ட வேலை பாக்கலன்னு எழுதிடுவாங்க. கான்ட்ராக்ட்ல இருக்கற ஐடி ஆளுங்க இதை நல்லா கவனிங்க. இன்னொண்ணு, கேக்கறது கடைசியா வேலை பாத்த இடம். பெரிய வேலை போனதுக்கப்புறம் எங்கயாவது ரெண்டு நாள் சின்ன வேலை பாத்திருந்தா அந்த ரெண்டு நாள் இடம்தான் கடைசி எம்ப்ளாயர். மத்தவங்களையும் போடணும், கடந்த 18 மாசத்துல எங்கெல்லாம் வேலை பாத்தீங்களோ எல்லாம், தேதி, மணிக்கு எவ்ளோ, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு.

வேலை போன காரணம்னு வந்தப்போ நான் ஏதோ நாகரிகமா எழுதலாம்னு யோசிச்சுட்டு இருந்தேன், பரஸ்பரம் பேசி முடிவெடுத்தோம்ங்கற மாதிரி. போன் வந்து வரவேண்டாம்னு சொன்னப்போ நான் தேங்க் யூ சொல்லி ஒத்துக்கிட்டேன் இல்லையா, அதை மனசுல வச்சு. அவங்க பேனாவைக் கீழ வச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "திங்கட்கிழமை நீங்க ஆபீஸ் போயிருந்தா உங்களுக்கு வேலை இருந்திருக்குமா?" இல்லன்னேன். "அப்போ வேலை இல்லாததால நிறுத்தினாங்க. லே ஆஃப். நீங்க விடல." இதுல மரியாதைக்காக ஒரு வார்த்தை மாத்தி எழுதினாலும் நாமளா வேலைய விட்ட மாதிரி ஆகிடும், அப்புறம் காரணத்தை நிரூபிக்க அலையணும். நிஜமாவே நீங்களா விட்டிருந்தா அதையே போடுங்க, நியாயமான காரணம் இருந்தா அப்பவும் கிடைக்க வாய்ப்பு இருக்கு, ஆனா உள்ளது உள்ளபடி.

சிட்டிசன் இல்லாதவங்களுக்கு ஏ நம்பர் (இமிக்ரேஷன்ல குடுக்கற நம்பர்), வொர்க் பர்மிஷன் விவரம் கேக்கும். என்னது கிரீன் கார்டு, பிரச்சினை இல்ல. என் ஃபிரெண்டோட வீட்டுக்காரர் ஹெச்1பி, அவருக்கும் வேலை போச்சு, அவருக்காகவும் கேட்டேன். அதை நான் சொல்லக்கூடாது, இமிக்ரேஷன் லாயரைக் கேளுங்க, உடனே கேளுங்கன்னு மட்டும் சொன்னாங்க. ஹெச்1பிக்கு வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் கிரேஸ் பீரியட், அவங்களுக்கு முதல் கவலை கிளைம் இல்ல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாம இருந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது, நம்ம குரூப்கள்ல இந்த விஷயத்துல ஆளாளுக்கு அடிச்சு விடறதைப் பாத்திருக்கேன்.

மூணு வாரம் வீணாப்போனதைப் பத்தியும் கேட்டேன். கிளைம் எந்த வாரம் போடறோமோ அந்த வாரத்து ஞாயித்துக்கிழமைல இருந்துதான் ஆரம்பிக்கும். என்னது மார்ச் 16. வேலை போன உடனே போட்டிருந்தா பிப்ரவரி 23ல இருந்து கணக்கு. நியாயமான காரணம் இருந்தா முன் தேதிக்கு மாத்தக் கேக்கலாம், உங்களுக்கு என்ன காரணம்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரில இருந்தேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. வெக்கமா இருந்துச்சுன்னு உண்மையைச் சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லாம டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகத்தினாங்க.

இப்போ எவ்ளோ வரும்ங்கற கணக்கு, இதை எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. கலிஃபோர்னியால வாரத்துக்கு குறைஞ்சது 40 டாலர், அதிகபட்சம் 450 டாலர். பேஸ் பீரியட்னு 12 மாசம் எடுப்பாங்க, கிளைம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ள ஆரம்பிச்சா அதுக்கு முந்தின செப்டம்பரோட முடியற 12 மாசம். எனக்கு 2023 அக்டோபர்ல இருந்து 2024 செப்டம்பர் வரைக்கும். அதுல எந்த மூணு மாச குவார்ட்டர்ல சம்பளம் அதிகமோ அதை 26ஆல வகுப்பாங்க. எனக்கு அந்த குவார்ட்டர்ல 9,360 டாலர், வகுத்தா 360. 11,674 டாலருக்கு மேல ஒரு குவார்ட்டர்ல வாங்கியிருந்தா 450, லட்சக்கணக்குல சம்பளம் வாங்கினவங்களுக்கும் அதே 450தான். நான் 2024ல அப்பாவுக்கு உடம்பு முடியாம ரெண்டு மாசம் சம்பளம் இல்லாத லீவுல ஊருக்குப் போயிருந்தேன், அதனால குறைச்சிடுவாங்கன்னு பயந்துட்டு இருந்தேன். ஆனா வாரத் தொகைக்கு அதிகமான குவார்ட்டர் மட்டும்தான் கணக்கு, குறைஞ்ச குவார்ட்டர் அதைக் குறைக்காது. இதை அவங்க ஒரு தாள்ல நாலு கட்டம் போட்டு என் கையாலயே சம்பளத்தை எழுத வச்சுப் புரிய வச்சாங்க. அந்தத் தாள் இன்னும் என் ஃபைல்ல இருக்கு.

கொஞ்ச நாள்ல தபால்ல அவார்டு நோட்டீஸ் வந்துச்சு, 360 டாலர், 26 வாரம், மொத்தம் 9,360ன்னு. இதைப் பாத்துட்டு அப்ரூவ் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. நம்ம சம்பள ரெக்கார்டை வச்சு இவ்ளோ வரலாம்னு சொல்ற தாள்தான் அது, தகுதி இருக்கா இல்லையான்னு தனியாப் பாப்பாங்க. அதுல ஒவ்வொரு குவார்ட்டர் சம்பளமும் சரியா இருக்கா, எம்ப்ளாயர் யாராவது விட்டுப் போயிருக்காங்களான்னு பேஸ்டப்போட ஒப்பிட்டுப் பாக்கணும். முதல் வாரம் வெயிட்டிங் வீக், அதுக்குப் பணம் கிடையாது, ஆனா அந்த வாரத்துக்கும் சர்டிஃபை பண்ணியே ஆகணும். கால்ஜாப்ஸ்ல, அதாவது ஸ்டேட்டோட வேலை தேடற சைட்ல, ரெஜிஸ்டர் பண்ணி ரெஸ்யூமே போடணும், அதையும் அங்கயே உக்காந்து முடிச்சுட்டேன்.

இப்போ நான் செஞ்ச தப்புக்கு வரேன், இதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல் சர்டிஃபிகேஷன் சென்டர்ல போய் பண்ணேன், ஒழுங்கா முடிஞ்சுது. ரெண்டாவது, ஏப்ரல்ல, ராத்திரி பதினொரு மணிக்கு பையனைத் தூங்க வச்சுட்டு போன்ல பண்ணேன். அதுல ஒரு கேள்வி, தமிழ்ல சொன்னா இப்படி வரும்: உடம்பு சரியில்லாம போனது தவிர வேற ஏதாவது காரணத்தால உங்களால ஃபுல்டைம் வேலையை ஏத்துக்க முடியாம இருந்துச்சா? என் கண்ணுக்கு ஃபுல்டைம் வேலை, ஏத்துக்கறதுன்னு ரெண்டுதான் பட்டுச்சு. ஆமா, ஏத்துப்பேன், யெஸ்னு அழுத்திட்டேன். நோன்னு அழுத்தணும். யெஸ்னா எனக்கு ஏதோ தடை இருந்துச்சுன்னு அர்த்தம். நம்ம பாஷைல "சாப்பிடலையா"ன்னு கேட்டா "ஆமா, இன்னும் சாப்பிடல"ன்னுதானே சொல்வோம், அப்படிப் பழகின மனசுக்கு இந்த மாதிரி எதிர்மறையாச் சுத்தி வர்ற கேள்வி ரொம்ப ஆபத்து. அதுக்கு மேல ராத்திரி பதினொரு மணி.

பணம் வரல. பெண்டிங்னு காட்டிச்சு. போன் இன்டர்வியூ தேதி போட்டு நோட்டீஸ் வந்துச்சு, தகுதி பத்தி விசாரிக்கணும்னு. எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல, ஏதோ மோசடி பண்ணிட்டேன்னு பிடிச்சுட்டாங்கன்னே நினைச்சேன். மறுநாள் காலைல சென்டர் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன்.

அதே அம்மாதான் இருந்தாங்க. நோட்டீஸை ரெண்டு தடவை படிச்சாங்க, அவசரமே படல. "உங்க கிளைமை என்னால பாக்க முடியாது, இடிடிதான் பாக்கும், இதுல என்ன முடிவு வரும்னும் நான் சொல்ல முடியாது. ஆனா இந்தத் தாள் எதைப் பத்தின்னு சொல்ல முடியும்"னு சொல்லி, அந்தக் கேள்வியை மறுபடி என்னையே சத்தமாப் படிக்க வச்சாங்க. மூணாவது தடவை படிக்கறப்போதான் எனக்கே புரிஞ்சுது. அப்புறம் நான் என்ன சொல்லணும்னு கேட்டேன். என்ன சொல்லணும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த ரெண்டு வாரம் நிஜமா என்ன பண்ணீங்கன்னு எழுதுங்கன்னு ஒரு தாள் குடுத்தாங்க. எழுதினேன்: எங்கெல்லாம் அப்ளை பண்ணேன், எந்தத் தேதி, பையன் மிடில் ஸ்கூல் போறான், மூணு மணி வரைக்கும் பிரச்சினை இல்ல, அதுக்கப்புறம் வீட்டுக்காரர் இருக்கார், கார் இருக்கு, 40 மணி நேர வேலை வந்திருந்தா போயிருப்பேன். எழுதி முடிச்சப்போ, எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லன்னு எனக்கே தெரிஞ்சுது.

தமிழ் இன்டர்பிரட்டர் கேக்கலாம், காசு இல்லன்னும் அவங்கதான் சொன்னாங்க. ஆபீஸ்ல பேசற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனா ஒரு வார்த்தையால மாட்டிக்கிட்டவ இன்னொரு வார்த்தையை நம்பி உக்காரக்கூடாதுன்னு கேட்டேன். கிடைச்சாங்க. போன்ல அந்தப் பக்கம் ஒரு பொண்ணு "சொல்லுங்கம்மா"ன்னு ஆரம்பிச்சப்போ எனக்கு இருந்த படபடப்பு பாதி போயிடுச்சு. கேள்வியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், தடை எதுவும் இல்ல, இதெல்லாம் நான் தேடின வேலைங்கன்னு தேதியோட சொன்னேன். இருபது நிமிஷம் இருக்கும். அடுத்த வாரம் பெண்டிங் மாறி பணம் வந்துச்சு.

ஒருவேளை மறுத்திருந்தாலும் அதோட முடிஞ்சிடாது, இதையும் அன்னிக்கே சொல்லி வச்சிருந்தாங்க. முடிவு லெட்டர் அனுப்பின தேதில இருந்து 30 நாளுக்குள்ள அப்பீல் போடலாம், ஒரு ஜட்ஜ் கேப்பாங்க, கட்டணம் இல்ல. அப்பீல் நடக்கறப்போவும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சர்டிஃபை பண்ணிக்கிட்டே இருக்கணும், அதை நிறுத்திட்டா ஜெயிச்சாலும் அந்த வாரத்துப் பணத்துக்கு அல்லாடணும். சான் ஃபிரான்சிஸ்கோல லீகல் எய்ட் அட் வொர்க் மாதிரி இலவச சட்ட உதவி அமைப்புங்க இருக்கு, அந்தக் கட்டம் வந்தா ஜாப் சென்டர் போதாது, அவங்ககிட்ட போங்க.

நடுவுல ஒரு வாரம் டேக்ஸ் சீசன்னு தெரிஞ்சவங்க கடையில அஞ்சு மணி நேரம் ஃபைலிங் வேலை பாத்தேன், 120 டாலர். பணம் கைக்கு வந்தது ரெண்டு வாரம் கழிச்சு. எந்த வாரம் வேலை பாத்தோமோ அந்த வாரத்துல சொல்லணும், செக் வந்த வாரத்துல இல்ல, பிடித்தம் போக வந்ததும் இல்ல, மொத்தத் தொகை. 25 டாலர் இல்லன்னா சம்பாதிச்சதுல 25 சதவீதம், எது அதிகமோ அதை விட்டுட்டு மீதியைக் கழிப்பாங்க. எனக்கு 30 விட்டு 90 கழிச்சு 270 வந்துச்சு. கைல வாங்கின காசுதானே, யாருக்குத் தெரியும்னு சில பேர் சொன்னாங்க. சொல்லாம விட்டு அப்புறம் கண்டுபிடிச்சா வாங்கினதைத் திருப்பிக் கட்டி அதுக்கு மேல அபராதமும் கட்டணும், 90 டாலருக்காக அந்த பயத்தோட தூங்க என்னால முடியாது. அதே மாதிரிதான் ஊருக்குப் போறதும். மே மாசம் சித்தி பொண்ணு கல்யாணம், ரொம்ப ஆசை, ஆனா ஊர்ல இருக்கற வாரத்துல இங்க வேலைக்கு நான் ரெடின்னு எப்படி அழுத்த முடியும்? போகல, வீடியோல தாலி கட்டறதைப் பாத்தேன். நீங்க போறதா இருந்தா தாராளமாப் போங்க, அந்த வாரத்துக்கு உள்ளதைச் சொல்லிடுங்க.

வரி: கலிஃபோர்னியா இந்தப் பணத்துக்கு வரி போடாது, ஃபெடரல் போடும். 10 சதவீதம் பிடிச்சுக்கச் சொல்லி கேக்கற இடத்துல ஆமான்னு போட்டுட்டேன், வாரம் 36 டாலர் போச்சு, ஜனவரில 1099-ஜி, அதாவது வரிக் கணக்குக்கான தாள், வந்தப்போ நிம்மதியா இருந்துச்சு. வேலையோட ஹெல்த் இன்ஷூரன்ஸும் போயிருந்தா கவர்டு கலிஃபோர்னியால (ஸ்டேட்டோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் வாங்கற இடம்) சேர 60 நாள்தான் டைம், கிளைம் கவலைல அதை மறந்துடாதீங்க.

குறைன்னு சொல்லணும்னா கொஞ்சம் இருக்கு. அவங்களால உங்க கிளைம் எந்த நிலைமைல இருக்குன்னு பாக்க முடியாது, எப்போ பணம் வரும்னு சொல்ல முடியாது, அதை எதிர்பாத்துப் போனா ஏமாத்தமா இருக்கும். அந்த சென்டர்ல தமிழ் பேசறவங்க யாரும் இல்ல. கூட்டம் இருக்கற நாள்ல ஒருத்தரோட அவ்ளோ நேரம் உக்கார முடியாது, நான் போன ஒரு திங்கட்கிழமை மதியம் பத்து நிமிஷத்துல முடிச்சு அனுப்பிட்டாங்க, வெளில எனக்குப் பின்னாடி அத்தனை பேர் நின்னாங்க. எல்லா ஸ்டாஃபும் அந்த அம்மா மாதிரி பொறுமையா இருப்பாங்கன்னும் நான் சத்தியம் பண்ண முடியாது. வீடு தூரமா இருக்கு, கார் இல்லன்னா இடிடிக்கு நேரா போன் பண்ணலாம், தபால்ல கூட ஃபார்ம் அனுப்பலாம், ஆனா எனக்கு அந்தக் கேள்வியைச் சத்தமாப் படிக்கச் சொல்ல எதிர்ல ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு.

ஜூன் நடுவுல எனக்கு வேலை கிடைச்சுது. அதனால அந்த மூணு வாரம் நிஜமாவே போனதுதான், 360 வீதம் 1,080 டாலர். ரெண்டு மாச கரன்ட், கேஸ், பையனோட ஸ்விம்மிங் கிளாஸ் எல்லாம் அதுல முடிஞ்சிருக்கும். வேலை போன அன்னிக்கு யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தாங்கன்னா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு தோணுது, அதனாலதான் என் கம்பெனில லே ஆஃப் ஆன எல்லாருக்கும் இப்போ நானே போன் பண்ணி சொல்றேன்.

போறவங்க கைல எடுத்துட்டுப் போக வேண்டியது: சோஷியல் செக்யூரிட்டி கார்டு, லைசென்ஸ், கிரீன் கார்டோ இஏடியோ (வொர்க் பர்மிட் கார்டு), கடைசி பேஸ்டப், டபிள்யூ-2, 18 மாசத்து எம்ப்ளாயர் விவரம், கடைசி வாரத்துல ஞாயித்துக்கிழமைல இருந்து எவ்ளோ சம்பாதிச்சீங்கன்னு கணக்கு, பேங்க் ரவுட்டிங் நம்பர். போனை ஃபுல் சார்ஜ் போட்டுட்டுப் போங்க, ஐடி.மீ கோட் அதுலதான் வரும், முகத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லும். செவ்வாய், புதன் காலைல திறக்கற நேரத்துக்குப் போனா நான் பாத்த வரைக்கும் கூட்டம் கம்மி. வாரத்துக் கடைசில வேலை போச்சுன்னா அடுத்த வாரத்துச் சனிக்கிழமையைத் தாண்ட விடாதீங்க, அதுக்குள்ள போட்டுடுங்க.